விரல் எடுத்த இடம்

மேடம் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பத்தியை ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமால் மூடிவிட்டுத்தான் எங்களிடம் படிக்கக் கொடுப்பார். யாரோ ஒருவருடைய விலா எலும்புகளுக்கு அடியில் முடிவு ஒளிந்திருக்கும். எத்தனை பேரைப் பார்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள், இதையெல்லாம் முதலில் படிக்க வேண்டும். பிறகு முடிவை நாமே எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் ஃபிலிமை எடுக்கலாம்.

எலும்பு இருக்கும் இடத்தில் ஃபிலிம் வெளிச்சத்தை விடும் என்பதை என் வகுப்புத் தோழி எஸ்தர்தான் கண்டுபிடித்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு வரி தெரிந்தது. கூட்டி வாசித்து, கட்டுரையாளர் எழுதியதையே தன் முடிவாக எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்தார்.

"இன்னாடி, எலும்பு வழியா படிச்சியா?"

எஸ்தர் விழித்தாள். மறுநாள் எக்ஸ்ரே அறையிலிருந்து வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்துப்போன ஃபிலிம்களை அள்ளிக்கொண்டு வந்தார். எவருடைய நெஞ்சும் இல்லாத கறுப்பு. அந்த வருடம் முழுவதும் நாங்கள் அந்தக் கறுப்புக்கு மேலேதான் படித்தோம்.

அவர் செவிலியர் கல்லூரியில் எங்களுக்கு ஆராய்ச்சிப் பாடம் எடுத்தவர். எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்திருக்கலாம். மணிமங்கலத்துப் பக்கம் மாமியார் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். புடவையில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். ஊர்ப்பேச்சை விட்டுவிட்டுப் புத்தகப் பேச்சு பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கரும்பலகையில் ஆங்கிலம் வரிவரியாக இறங்கும். வாயில் மட்டும் வேறொன்று நடக்கும்.

"ரெண்டு கும்பல் கீது. ஒரு கும்பலுக்கு இந்த மருந்து, இன்னொண்ணுக்குக் கெடையாது. யாரு எந்தக் கும்பல்னு சீட்டு குலுக்கிப் போட்டாங்களா, இல்ல டாக்டருக்குப் புட்சவன், பொழைக்கிறவன்னு பாத்து ஒரு பக்கமாத் தள்ளிட்டாங்களா? அத்தப் பாரு மொதல்ல."

எங்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்துத் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்தாலே கண்ணில் நீர் கட்டும். இந்தப் பேச்சு எங்களுக்குப் புரிந்தது. சாலையில் செம்மண் லாரிகள் போய்க்கொண்டே இருந்த காலம். ஒரகடத்தில் ஆலைகளுக்காக வயல்களை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியைப் போல் நீர் நின்ற நிலங்களில் இரும்புக் கால்கள் முளைத்தன. புழுதிக்காக ஜன்னல்களை மூடிவைத்திருப்போம். மூடிய அறைக்குள் அவருடைய குரல் அதே உயரத்தில் போகும், கோபத்திலும் ஏறாது, சந்தோஷத்திலும் ஏறாது.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'தெரியாது மேடம்'.

எதைக் கேட்டாலும் முதலில் அதுதான் வரும். வெட்கத்தோடு சொல்லமாட்டார், சமாளிப்பாகவும் சொல்லமாட்டார். மணி என்ன என்று கேட்டால் மணியைச் சொல்வதுபோலச் சொல்வார். பரீட்சையில் இது வருமா மேடம்? தெரியாது. மழை வருமா? தெரியாது. எஸ்தரின் அப்பாவை மஞ்சள்காமாலை என்று ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, போன் வந்த கையோடு அவள் ஓடிவந்து, "சரியாயிடும்ல மேடம்?" என்று கேட்டாள். எந்த மனுஷியும் ஆமாம் என்று சொல்லிவிடும் இடம் அது.

"தெரியாது."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். தாம்பரத்தில் தென்மாவட்ட வண்டியில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, அது நகரும்வரை நின்றாராம். வழி முழுக்க ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை என்று எஸ்தர் பிற்பாடு சொன்னாள். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தியைக் கேட்டும், "சரி," என்றார், அவ்வளவுதான்.

ஹாஸ்டல் வார்டன் அம்மா, மகளுக்கு வரன் முடிந்ததென்று லட்டு கொண்டுவந்தார். "பத்துக்குப் பத்துப் பொருத்தம் மேடம்! ஜோசியரே அசந்துட்டாரு."

மேடம் லட்டை எடுத்துக்கொண்டார். "பொருத்தமே பாக்காம கட்டிக்கினவங்க எத்தினி பேரு நல்லா கீறாங்க? அத்த எண்ணிப் பாத்தாரா?"

"அம்மா தாயே, லட்டத் துன்னுட்டுப் போ."

தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். அதற்கு ஒப்பீடு கேட்கவில்லையே என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தாரா என்பது நினைவில்லை. அவர் முகத்தை நினைத்தால் எனக்கு வாய் வருவதில்லை. மூக்குக்கண்ணாடியும் அதில் விழும் ஜன்னலும்தான் வருகின்றன.

இப்படியே போயிருந்தால் அவரை நாங்கள் ஒரு வேடிக்கையாக வைத்துக்கொண்டிருப்போம். மாடசாமி வந்தான்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருபதைத் தாண்டியவன். ஒப்பந்தக்காரரிடம் கூரைத் தகடு போடும் வேலை. ஏதோ ஒரு ஆலையின் ஷெட்டிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல், எங்கள் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் கிடந்தான். அவனுடைய அம்மா ஊரிலிருந்து வந்து வார்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தாள். பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே விடுவார்கள். முறிந்த எலும்பு அசைந்துவிடும், தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் கட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பாள்.

இப்படி அசையாமல் கிடப்பவர்களுக்கு, எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் பாரமே அழுத்தித் தோல் செத்துப்போகும். படுக்கைப்புண். அது வராமலிருக்க ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுச் சிவந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வார்டுகளின் வழக்கம். செய்முறைத் தேர்வில் அதற்கு மதிப்பெண்ணே உண்டு. கறுப்பு ஃபிலிமுக்கு மேலே நாங்கள் படித்த சில கட்டுரைகளோ, சிவந்துவிட்ட இடத்தைத் தேய்த்தால் உள்ளே நசுங்கிய சதை இன்னும் கெடும், அந்த இடத்தை விட்டுவிட்டு ஆளைத் திருப்பிப் படுக்கவையுங்கள் என்றன.

"இப்ப இன்னா பண்ணலாம்?" என்று வகுப்பில் கேட்டார்.

"தேய்க்கறத நிறுத்தலாம் மேடம்," என்றாள் எஸ்தர்.

"படிச்சிட்டு சும்மா கீறதுக்கா படிச்சோம்? வா."

வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் நரைத்த கொண்டையும் கனத்த கைகளும் உள்ளவர். அந்தக் கைகளுக்குக் கீழே எத்தனையோ முதுகுகள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து தேச்சிக்கினுதான் கீறேன். என் வார்டுல எவனுக்கும் புண்ணு வந்தது கெடையாது. நீ புக்கைப் பாத்துட்டு வந்து நிறுத்துன்ற."

"வூட்டுக்குப் போனப்புறம் வந்துதான்னு யாரு போய்ப் பாத்தா சிஸ்டர்?"

"நீ போய்ப் பாத்தியா?"

"நானும் பாக்கல."

"அப்ப?"

"எனக்குத் தெரியாதுன்றேன். நீங்க தெரியும்ன்றீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

மேடம் மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினார். மாடசாமிக்கு மட்டும். அவனைத் தேய்க்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாணவிகள் திருப்புவார்கள். நான்கு பேராக நின்று, தலையிலிருந்து கால்வரை ஒரே மரமாக உருட்ட வேண்டும். நான் இடுப்புப் பக்கம். எஸ்தர் எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் அவன் சுவரைப் பார்ப்பான். அடுத்த முறை ஜன்னலைப் பார்ப்பான். "சிஸ்டர், சுவத்துப் பக்கம் படமே ஓட மாட்டேங்கு, ஜன்னலுக்கே திருப்பிவிடுங்க," என்பான். ஜன்னலில் லாரிகள் போகும். அதுதான் படம்.

அவனுடைய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்மா, முன்ன தேச்சு விடுவாவ. பவுடர் வாசம் வெளிய எனக்கே வரும். சரி, பிள்ளைய யாரோ பாத்துக்கிடுதாவன்னு இருப்பேன். இப்ப அதையும் நிப்பாட்டிட்டியளே?"

மேடம் நின்று, நசுங்கிய சதையைப் பற்றியும் ரத்த ஓட்டத்தைப் பற்றியும் சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னமோ, படிச்சவுக சொல்லுதிய, நம்புதேன்," என்றாள்.

அவருக்கு 'நம்புதேன்' என்ற அந்தச் சொல் பிடிக்கவில்லை என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாரங்கள் போயின. தோல் சுத்தமாக இருந்தது. ஒரு சிவப்பில்லை. எஸ்தர் வகுப்பில் எழுந்து, "மேடம், நிரூபிச்சாச்சு!" என்றாள். நாங்கள் கைதட்டினோம்.

"ஒரு ஆளு," என்றார். "ஒப்பிட ஆளில்ல. இன்னாத்த நிரூபிச்ச? உக்காரு."

எஸ்தர் உட்கார்ந்தாள். எங்கள் சந்தோஷத்தை அவர் பிடுங்கிக்கொண்டதாகவே அன்று நினைத்தோம்.

பொங்கல் வந்தது. கல்லூரிக்கு விடுமுறை. நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். போவதற்கு முன் அவர் வார்டுக்குப் போய், பணியிலிருந்த நர்ஸ்களிடம், "திருப்பிக்கினே இருங்க," என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நான் பக்கத்தில் நின்றேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

திரும்பி வந்த காலை அவர் எங்களுக்கு முன்னால் வார்டுக்குள் நடந்தார். பாதி வழியிலேயே எனக்கு அந்த நாற்றம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். நடை மாறவில்லை. போர்வையை எடுத்து, அவனை ஒருக்களிக்கச் சொன்னார். எஸ்தர் எண்ணினாள். முதுகின் அடியில், எலும்பு துருத்தும் இடத்தில், நடுவில் கறுத்து, ஓரங்களில் தோல் வழுக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கை அளவு இருந்தது.

மாடசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "என்ன சிஸ்டர், எல்லாரும் பின்னால போயி நிக்கிய? எனக்கு ஒண்ணுந் தெரியலியே. அம்மயும் நேத்து இப்படித்தான் பாத்துட்டு அழுதா."

சன்னமாக, "தேய்ச்சாங்களா?" என்று அவர் கேட்டார்.

பணியிலிருந்த நர்ஸ் சின்னப் பெண். "இல்ல மேடம். நீங்க வேணாம்னீங்கல்ல. நாங்க தொடவே இல்ல."

"திருப்புனீங்களா?"

"நாலு பேருக்கு எங்க மேடம் போறது, லீவு நாளு? முன்னல்லாம் தேய்க்கறதுக்குன்னு காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி ஆயாங்களக் கூப்ட்டு ஒருக்களிச்சிருவோம். தேய்க்கறதே இல்லன்னதும்..."

அவர் கையில் பிடித்திருந்த போர்வையின் நுனியைப் பார்த்தார். ஒரு முதுகைத் தேய்க்க வேண்டுமென்றால் முதலில் அந்த முதுகைத் திருப்பியாக வேண்டும். தேய்ப்பதால் கெடுதலே வந்திருக்கலாம், ஆனால் அதற்காகவாவது காலையும் மாலையும் நான்கு பேர் வந்து அவனைப் படுக்கையிலிருந்து தூக்கியிருந்தார்கள். நாங்கள் தேய்ப்பதை எடுத்தபோது அதற்குள்ளிருந்த திருப்புவதும் சேர்ந்து போய்விட்டது. நாங்கள் படித்த கட்டுரை எதிலும் அது இல்லை. அங்கெல்லாம் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் திருப்புவதற்கு ஆள் இருந்திருக்கிறது.

பார்வை நேரத்தில் அவனுடைய அம்மா வந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் கனத்த கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா நேராக மேடத்திடம் வந்தாள்.

"தேச்சிருந்தா இது வந்திருக்குமா?"

நான் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டேன். தேய்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்லலாம். தேய்த்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றுகூடச் சொல்லலாம், அதற்குக் கட்டுரையைக் காட்டலாம்.

"தெரியாதும்மா," என்றார். குரல் அதே உயரத்தில் இருந்தது. "ஆனா தேய்க்கறதுக்காவது அவனத் திருப்பி இருப்பாங்க. அத்தயும் சேத்து நான்தான் நிறுத்திட்டேன். நிறுத்தறேன்னு எனக்கே தெரியல. அது என் தப்பு."

அந்த அம்மா அவரை அடிக்கவில்லை, கத்தவில்லை. "நம்பினேனே," என்று மட்டும் சொன்னாள். அதைக்கூடக் கட்டிலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் வகுப்பு இருந்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். கரும்பலகையில் எழுதினார்: ஒரு நோயாளி. தேய்க்கவில்லை. சில வாரம் புண் இல்லை. பிறகு திருப்பவில்லை. புண் வந்தது. எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இதுலேருந்து தேய்க்கறதப் பத்தி இன்னா சொல்ல முடியும்?"

வெளியே லாரிகள். அவர் காத்திருந்தார். சாக்பீஸ் தூள் விரலில் இருந்தது, அதைத் தட்டவும் இல்லை. கடைசியில் எஸ்தர் எழுந்தாள்.

"ஒண்ணும் சொல்ல முடியாது மேடம்."

"ம்."

"நம்மளப் பத்தி சொல்லலாம் மேடம்," என்றாள் எஸ்தர். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அது இந்தப் பாடத்துல இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் பலகையை அழித்தார். கீழிருந்து மேலாக, கடைசி வரியிலிருந்து.

அதன்பிறகு தன் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போக ஆரம்பித்தார். ஆயாக்கள் இருவரையும் காவலாளி ஒருவரையும் கூட்டி அவனைத் திருப்புவார், புண்ணைக் கழுவிக் கட்டுவார், கட்டிலருகே நின்றபடியே தயிர் சாதத்தைச் சாப்பிடுவார். மாடசாமி அவரிடம் ஜன்னலில் போகும் லாரிகளைப் பற்றிச் சொல்வான். அவனுடைய அம்மா கொட்டகையிலிருந்து பார்ப்பாள். பேசமாட்டாள். புண் கொஞ்சம் சுருங்கியது. முழுக்க ஆறவில்லை. எலும்பு கூடிவிட்டது, இனி இங்கே வைத்திருக்க வேண்டியதில்லை, ஊரிலேயே கட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஒப்பந்தக்காரர் வேன் அனுப்பினார்.

அடுத்த கல்வியாண்டில் அவர் கல்லூரியில் இல்லை. வேறு கல்லூரி என்றார்கள், வெளிநாடு என்றார்கள், வீட்டில்தான் இருக்கிறார் என்றார்கள். யாரு போய்ப் பாத்தா என்று கேட்க ஆளில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. எத்தனையோ வார்டுகள், எத்தனையோ முதுகுகள், அவற்றுக்கு நடுவே எனக்கும் நடுவயது வந்துவிட்டது. கைகள் தாமாக வேலை செய்கின்றன. இப்போது அவரை நினைத்தால் துக்கமாக எதுவும் வருவதில்லை. அந்த வேன் வருகிறது.

சீட்டுகளைக் கழற்றிப் பலகை போட்டிருந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் மாடசாமியை ஏற்றினோம். எஸ்தர் எண்ணினாள். அவனுடைய அம்மா கடைசியாக ஏறப்போனவள், ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"வீட்டுக்குப் போயி எவ்வளவு நேரத்துக்கொருக்க திருப்பணும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி."

"யாரு சொன்னா?"

அவருடைய கேள்வி அது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. அவள் ஏமாந்தவளாகக் கேட்டாள், மறுபடி ஏமாறத் தயாராக இல்லாதவளாக.

"எல்லாரும் சொல்றோம்," என்றார் அவர். "மூணு மணியா, ஒரு மணியான்னு யாரும் சரியா ஒப்பிட்டுப் பாத்ததா நான் படிக்கல."

"அப்ப நா எதம்மா நம்பித் திருப்ப?"

அவர் வேனுக்குள் ஏறினார். குனிந்துதான் நிற்க முடிந்தது. மாடசாமியின் போர்வையை விலக்கி, குதிகாலில் பலகை பட்டுச் சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். அந்த அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். இத்தனை நாள் தொடக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்த கை அது.

"அமுக்குங்க. இப்ப எடுங்க."

விரல் எடுத்த இடம் வெள்ளையாக இருந்தது. நாங்கள் படியில் நின்று பார்த்தோம். மெல்ல, ஓரங்களிலிருந்து, சிவப்பு திரும்பி வந்தது.

"வெளுத்து மறுபடி செவந்தா, இன்னும் உயிரு கீது. அந்தப் பக்கம் பாரம் படாம திருப்பிடுங்க, போதும். அமுக்கியும் வெளுக்காம அப்டியே செவப்பா கெடந்தா, ரொம்ப நேரம் வுட்டுட்டீங்கன்னு அர்த்தம். அடுத்த வாட்டி சீக்கிரமா திருப்புங்க. முதுகு, இடுப்பு, குதிகாலு. ஒவ்வொரு வாட்டியும்."

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"என்னை நம்ப வேணாம்மா. அமுக்கிப் பாருங்க."

மாடசாமி தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றான். "ரெண்டு பேரும் கால்ல என்ன செய்திய?"

"ஒண்ணுமில்லலே, படு," என்றாள் அவன் அம்மா.

அவர் இறங்கினார். வேன் கதவைச் சாத்தினார்கள். சாலையில் ஏற இடம் கிடைக்காமல் செம்மண் லாரிகளுக்காக வெகுநேரம் நின்றது. எஸ்தர் கேட்டாள்: "பொழச்சுப்பானா மேடம்?"

அவர் வேனின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்த அம்மா குனிந்திருந்தாள். கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள், காத்திருந்தாள். மறுபடியும் வைத்தாள்.